மாற்றங்களைப் பிரித்தறியக் கற்றுத்தரும் சோதனைப் பெட்டி: பொருள்கள் நன்று, கையேடு அரைகுறை

ஏழாம் வகுப்பில் படிக்கும் என் அக்கா மகளுக்காக, இயற்பியல் மாற்றத்தையும் வேதியியல் மாற்றத்தையும் வீட்டிலேயே செய்து பார்க்க உதவும் என்ற விளம்பரத்துடன் விற்கப்படும் சோதனைப் பெட்டி ஒன்றை இணையக் கடையில் வாங்கினேன். விலை ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஏறத்தாழ இதே பொருள்களையும் இதே மாதிரியான கையேட்டையும் கொண்ட பெட்டிகள் வேறு பெயர்களிலும் விற்பனையில் இருப்பதால், எந்தப் பெட்டியை வாங்குபவருக்கும் இந்த மதிப்புரை ஓரளவு பயன்படும் என்று நினைக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெட்டியில் உள்ள பொருள்கள் கொடுத்த காசுக்கு மேலாகவே கற்பிக்கின்றன, கூட வரும் கையேடோ, அந்தப் பொருள்கள் சொல்ல வருவதைப் பல இடங்களில் குறுக்கே நின்று மறிக்கிறது.

முதலில் பொருள்கள். மேல் தட்டில் கண்ணாடிச் சோதனைக்குழாய்கள், மர இடுக்கி, சாராய விளக்கு, சொட்டுக்குழாய், வெப்பநிலைமானி, 0.1 கிராம் வரை காட்டும் கையடக்க மின்னணுத் தராசு ஆகியவை தனித்தனிக் குழிகளில் அசையாமல் பொருந்தியிருக்கின்றன. கீழ்த் தட்டில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), இரும்புத்தூள், கந்தகம், சமையல் சோடா, சுட்ட சுண்ணாம்பு, கற்பூரம், மக்னீசியம் நாடாத் துண்டுகள், மஞ்சள் தடவிய காகிதப் பட்டைகள், காந்தம், மெழுகுவர்த்தி, கைக்குச் சூடு தரும் வெப்பப் பொதி ஒன்று. இந்த விலைப் பெட்டிகளில் சோதனைக்குழாய் முதல் சூட்டிலேயே விரிசல் விடுவது வழக்கம். இதில் உள்ளவை நேரடிச் சுடரில் காட்டியும் தாக்குப்பிடித்தன. தராசும் நம்பத் தகுந்தது. ஒரே நாணயத்தை மீண்டும் மீண்டும் வைத்தாலும் ஒரே எடையைக் காட்டுகிறது.

கையேட்டின் முதல் பக்கத்தில் கட்டம் கட்டி ஐந்து அடையாளங்கள் தரப்பட்டுள்ளன. நிறம் மாறினால், வாயு வெளிவந்தால், வெப்பம் வெளிப்பட்டால் அல்லது உறிஞ்சப்பட்டால், புதிய வாசனை எழுந்தால், பழைய நிலைக்குத் திருப்ப முடியாமற்போனால் அது வேதியியல் மாற்றம். இவற்றில் ஒன்றும் இல்லையென்றால் இயற்பியல் மாற்றம் என்று அது தீர்ப்புச் சொல்கிறது. பள்ளித் தேர்வுக்கு மனப்பாடம் செய்ய வசதியான பட்டியல்தான். ஆனால் இந்த ஐந்தும் துப்புகள் மட்டுமே. மாற்றத்துக்குப் பின் இருப்பது அதே பொருளா, வேறு இயைபு கொண்ட புதிய பொருளா என்ற கேள்விதான் இரண்டையும் பிரிக்கிறது. அந்தக் கேள்வி கையேட்டின் கடைசிப் பக்கத்துச் சொற்பட்டியலில் பொடி எழுத்தில் ஒரு வரியாக ஒதுங்கிக் கிடக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் பக்கத்துப் பட்டியலில் உள்ள ஏறக்குறைய ஒவ்வொரு அடையாளத்தையும் பொய்யாக்கும் பொருள் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

வெப்பப் பொதியை எடுத்துக்கொள்வோம். தெளிந்த திரவம் நிறைந்த நெகிழிப் பை அது. உள்ளே ஒரு சிறிய உலோகத் தகடு. தகட்டை விரலால் மடக்கினால், அந்த இடத்திலிருந்து வெண்மையான படிகங்கள் கிளம்பிச் சில நொடிகளில் பை முழுவதும் கெட்டியாகி, கையில் வைத்திருக்க இதமான சூடு வருகிறது. உள்ளே இருப்பது நீர் சேர்ந்த சோடியம் அசிட்டேட். 58 டிகிரி செல்சியசில் உருகக்கூடிய அது, அதற்குக் கீழே ஆறிய பின்னும் உறையாமல் திரவமாகவே காத்திருந்து, ஒரு தூண்டுதல் கிடைத்ததும் உறைகிறது. உறையும்போது வெளிவரும் மறைவெப்பம்தான் நம் கையைச் சுடுகிறது. கொதிநீரில் பையைப் போட்டால் மறுபடியும் உருகி, அடுத்த தடவைக்குத் தயாராகிவிடும். தண்ணீர் பனிக்கட்டியாவதைப் போன்ற நிலைமாற்றம்தான் இது, இயற்பியல் மாற்றம். கையேடு இதை ‘வெப்பம் வெளிப்பட்டதால் வேதியியல் மாற்றம்’ என்று வகைப்படுத்துகிறது. பட்டியலை அளவுகோலாகக் கொண்டால் வேறு விடையே வராது. பிழை பட்டியலில் இருக்கிறது.

சுட்ட சுண்ணாம்பில் சில சொட்டுத் தண்ணீர் விட்டாலும் சூடு கிளம்புகிறது. இங்கே கால்சியம் ஆக்சைடு தண்ணீருடன் சேர்ந்து கால்சியம் ஹைட்ராக்சைடு என்னும் வேறு பொருளாகிவிடுவதால் இது ஐயத்துக்கு இடமில்லாத வேதியியல் மாற்றம். சமையல் சோடாவில் வினிகரை ஊற்றினால் வெப்பநிலைமானி சில டிகிரி இறங்குகிறது. அதுவும் வேதியியல் மாற்றமே. ஆக, சூடு ஏறுவதோ இறங்குவதோ ஆற்றல் பரிமாற்றம் நடந்திருக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, புதிய பொருள் பிறந்ததா என்பதைச் சொல்லாது. இந்த மூன்று சோதனைகளையும் அடுத்தடுத்து வைத்திருந்தாலே கையேடு பாதி உருப்பட்டிருக்கும். அவை வெவ்வேறு இயல்களில் சிதறிக் கிடக்கின்றன.

வாயுக் குமிழிகளைப் பற்றிய பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது பிள்ளையே கேட்டாள்: “மாமா, பன்னீர் சோடா பாட்டிலைத் திறந்தாலும்தான் புஸ்ஸுன்னு குமிழி வருது, உலைத் தண்ணி கொதிச்சாலும் வருது. ரெண்டும் வேதியியல் மாற்றமா?” கொதிக்கும் தண்ணீரில் எழும் குமிழிக்குள் இருப்பது நீராவி, அதாவது அதே தண்ணீர்; சூடாகத் தொடங்கும்போதே பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டும் பொடிக் குமிழிகளில் இருப்பது தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருந்த காற்று. சோடா பாட்டிலில் அழுத்தம் கொடுத்துக் கரைக்கப்பட்ட கார்பன் டை ஆக்சைடு, மூடியைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து வெளியேறுகிறது. சமையல் சோடாவில் மட்டும்தான் முன்பு வாயுவாக எங்கும் இல்லாத கார்பன் டை ஆக்சைடு வினையில் புதிதாக உருவாகி வருகிறது. பார்வைக்கு எல்லாம் குமிழிதான். கேட்கப்பட வேண்டிய கேள்வியைக் கையேட்டுக்கு முன்பே குழந்தை கேட்டுவிட்டதைப் பெட்டியின் வெற்றியில் சேர்ப்பதா, கையேட்டின் தோல்வியில் சேர்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

‘திருப்ப முடியாதது வேதியியல் மாற்றம்’ என்ற அடையாளம் இன்னும் மோசமானது. காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தால் யாராலும் திருப்ப முடியாது. அது இயற்பியல் மாற்றம். மஞ்சள் தடவிய பட்டையில் சுண்ணாம்பு நீரைத் தொட்டு வைத்தால் செக்கச் சிவக்கிறது. அதன் மேல் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டினால் மறுபடியும் மஞ்சளாகிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள் காரத்துடன் வினைபுரிந்து வடிவம் மாறுவதும், அமிலம் பட்டதும் பழைய வடிவத்துக்கே திரும்புவதும் ஆகிய இரண்டும் வேதியியல் மாற்றங்கள்தாம். மஞ்சளிலிருந்து குங்குமம் செய்யும் வீடுகளில் காலங்காலமாக நடப்பது இந்தச் சிவப்பேற்றம்தான். வாகனத்தின் ஈய-அமில மின்கலம் தினமும் வேதியியல் மாற்றத்தை முன்னும் பின்னுமாக நடத்திக்கொண்டிருக்கிறது. திரும்ப வருமா, வராதா என்பதை வைத்து வகை பிரிக்கத் தொடங்கினால் இவை எல்லாம் தவறான கூடையில் போய் விழும்.

பெட்டியின் தலைசிறந்த பொருள் மயில்துத்தம். இதற்காக மட்டுமே பெட்டியை வாங்கலாம் என்று சொல்லும் அளவுக்கு அது பேசுகிறது. நல்ல நீலப் படிகங்களாக, ஈரம் பிசுபிசுக்காமல் வந்திருந்தது. ஒரு சிட்டிகையைக் காய்ந்த சோதனைக்குழாயில் இட்டு, குழாயின் வாய் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்குமாறு இடுக்கியில் பிடித்து, சுடரை முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டினால், முதலில் படிகங்களின் ஓரம் வெளிறுகிறது. மெல்லிய வெடிப்பொலியுடன் அவை பொடிந்து, நீலம் உள்நோக்கிச் சுருங்கி, கடைசியில் சாம்பல் கலந்த வெண்பொடி மிஞ்சுகிறது. அதே நேரத்தில் குழாயின் குளிர்ந்த வாய்ப்பகுதியில் நிறமற்ற துளிகள் கோத்து நிற்கின்றன. அந்தத் துளிகள் படிகத்துக்குள் பிணைந்திருந்த தண்ணீர். ஒவ்வொரு காப்பர் சல்பேட் அலகோடும் ஐந்து நீர் மூலக்கூறுகள் இருப்பதால், 100 கிராம் நீலப் படிகத்தில் ஏறத்தாழ 36 கிராம் தண்ணீர்தான். காய்ந்து கிடக்கும் ஒரு கல்லில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் என்பதைத் தராசில் நிறுத்துக் காட்டும்போது பெரியவர்களுக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது. குழாய் ஆறிய பின் வெண்பொடியின் மேல் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், விட்ட இடத்தில் நீலம் திரும்புகிறது, குழாயின் அடி கையில் சூடாகப் படுகிறது.

இது எந்த வகை? கடைசித் தண்ணீரை விரட்ட 200 டிகிரி செல்சியசுக்கு மேல் போகவேண்டியிருக்கிறது. வெறும் ஈரம் உலர்வதற்கு இவ்வளவு சூடு தேவைப்படாது. நீலப் படிகமும் வெண்பொடியும் இயைபில் வேறுபட்டவை என்பதால், வேதியியல் நூல்கள் பெரும்பாலும் இதை மீள் வினைக்கு எடுத்துக்காட்டாகவே சொல்கின்றன. ஆனால் நிறம் திரும்புகிறது, தண்ணீர் தண்ணீராகவே வருகிறது, ஆகவே இயற்பியல் மாற்றம் என்று வாதிடும் பிள்ளையை எளிதில் மடக்கிவிட முடியாது, முடியவும் கூடாது. இரண்டு வகைகளுக்கும் இடையில் கூர்மையான கோடு எல்லா இடத்திலும் ஓடவில்லை என்பதைக் கண்ணெதிரே காட்டும் அரிய சோதனை இது. கையேடு இதற்குக் கொடுத்திருப்பது இரண்டே வரி, அதுவும் ‘நிறம் மாறியதால் வேதியியல் மாற்றம்’ என்ற காரணத்தோடு. தண்ணீரில் ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டாலும்தான் நிறம் மாறுகிறது. விடை சரியாக அமைந்தும் காரணம் தவறினால், ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைக்கவே செய்வார்.

மயில்துத்தக் கரைசலில் உப்புத்தாளால் தேய்த்த இரும்பு ஆணியைப் போடும் சோதனை எல்லாப் பள்ளிகளிலும் நடப்பதே. அரை மணி நேரத்துக்குள் ஆணியில் செம்பு படிந்து, நேரம் போகப் போகக் கரைசல் பச்சை சாய்ந்த வெளிர்நிறத்துக்கு இறங்கியது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

கற்பூரப் பகுதி அருமையாக யோசிக்கப்பட்டிருக்கிறது. கையேட்டில் நான் முழு மனத்துடன் பாராட்டும் ஒரே இயல் இது. ஒரு வில்லையைச் சிறு தட்டில் வைத்துக் கண்ணாடிக் குவளையால் கவிழ்த்து மூடி, தட்டை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைக்கச் சொல்கிறது. தொட்டுப் பார்த்தால் ஈரமே இல்லை, ஆனால் குவளையின் உச்சியில் பொடிப் படிகங்கள் படிகின்றன. சுரண்டி முகர்ந்தால் கற்பூரமேதான். திடப்பொருள் திரவமாகாமல் நேரே ஆவியாகும் பதங்கமாதல் இது, ஆகவே இயற்பியல் மாற்றம். பிறகு இன்னொரு வில்லையைக் கொளுத்தச் சொல்கிறது. அது புகைக்கரியோடு எரிந்து, கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் போய்விடுகிறது. பூசைத் தட்டில் வைத்த கற்பூரம் எரியாமல் கரைந்துபோவதும், எரிந்து ஒன்றுமில்லாமல் போவதும் கண்ணுக்கு ஒரே முடிவைத் தருகின்றன: தட்டு வெறுமையாகிறது. முன்னதில் கற்பூரம் அறைக் காற்றில் இருக்கிறது, பின்னதில் எங்கும் இல்லை. ஒரே பொருளை வைத்து இரண்டு மாற்றங்களையும் பிரித்துக் காட்டிய இந்த ஒரு பக்கத்தை எழுதியவரே மற்றப் பக்கங்களையும் எழுதியிருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் வந்தது. வெந்நீரைப் பயன்படுத்தச் சொல்லியிருப்பதும் கவனத்தைக் காட்டுகிறது. கற்பூரம் தீப்பற்றும் பொருள் என்பதால் நேரடிச் சுடரில் பதங்கமாக்க முயல்வது ஆபத்து.

இரும்புத்தூளும் கந்தகமும் வரும் இடத்தில் கையேடு மறுபடியும் சறுக்குகிறது. கலவையில் காந்தத்தைக் காட்டினால் இரும்பு மட்டும் தாவி ஒட்டிக்கொள்ளும். சூடாக்கிய பின் கிடைக்கும் கருநிற இரும்பு சல்பைடைக் காந்தம் இழுக்காது. இதுதான் எதிர்பார்க்கும் முடிவு. ஆனால் கையேடு ‘ஒரு கரண்டி இரும்புத்தூள், ஒரு கரண்டி கந்தகம்’ என்று சம அளவில் எடுக்கச் சொல்கிறது. வினைக்கு வேண்டியது 7 கிராம் இரும்புக்கு 4 கிராம் கந்தகம் என்ற எடை விகிதம். கரண்டிக் கணக்கில் எடுத்தால் கனமான இரும்பு தேவைக்கு மேல் போய்விடுகிறது. மிஞ்சிய இரும்பைக் காந்தம் இழுக்கத்தான் செய்யும், பிள்ளை ‘மாற்றம் நடக்கவில்லை’ என்று எழுதி வைப்பாள். தராசைப் பெட்டிக்குள்ளேயே கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்தச் சொல்லாமல் விட்டதை என்னவென்று சொல்வது! 1.4 கிராம் இரும்பும் 0.8 கிராம் கந்தகமும் நிறுத்து எடுத்தபோது, விளக்கை அகற்றிய பின்னும் செந்தணல் கலவைக்குள் தானாகப் பரவிச் சென்றதைக் கண்டோம். கந்தகப் புகை மூச்சை அடைக்கும்; இதை மொட்டைமாடியில் செய்வதே நல்லது.

மெழுகுவர்த்தியைப் பெட்டிக்காரர்கள் ‘வேதியியல் மாற்றம்’ என்ற தலைப்பின்கீழ் மட்டும் வைத்திருக்கிறார்கள். லண்டன் ராயல் நிறுவனத்தில் மைக்கேல் ஃபாரடே 1860 டிசம்பரில் தொடங்கி இளையோருக்கு ஒரு முழு உரைத்தொடர் நிகழ்த்தும் அளவுக்கு விஷயம் பொதிந்த பொருள் அது. மெழுகு உருகுவதும், திரியில் ஏறுவதும், ஆவியாவதும் இயற்பியல் மாற்றங்கள். அந்த ஆவி எரிவது வேதியியல் மாற்றம். அணைத்தவுடன் திரியிலிருந்து எழும் வெண்புகையில் எரியும் தீக்குச்சியைக் காட்டினால், திரியைத் தொடாமலேயே சுடர் புகைவழியே இறங்கித் திரியில் பற்றுகிறது. புகையாகத் தெரிவது உறைந்துகொண்டிருக்கும் மெழுகு ஆவி என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடையாது. கையேட்டில் இந்தச் சோதனை இல்லை, நாங்களாகச் செய்தோம்.

கையேடு தராசைப் பயன்படுத்தச் சொல்லும் ஒரே இடமும் சொதப்பலாகியிருக்கிறது. பாட்டிலில் வினிகர், அதன் வாயில் சமையல் சோடா நிரப்பிய பலூன். பலூனை நிமிர்த்தினால் சோடா விழுந்து வாயு கிளம்பி, பலூன் உப்புகிறது. வினைக்கு முன்னும் பின்னும் எடை மாறாது, இதுவே 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லவாய்சியர் மூடிய கலங்களை நிறுத்து நிறுவிய நிறை மாறா விதி என்று கையேடு சொல்கிறது. விதி சரி. ஆனால் பலூன் ஒரு லிட்டர் அளவுக்கு உப்பினால், அது இடம்பெயர்க்கும் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிராம்; அந்த அளவுக்குக் காற்று அதைத் தூக்கிப் பிடிப்பதால், 0.1 கிராம் காட்டும் தராசில் எடை குறைந்ததாகவே தெரியும். எங்கும் கசிவு இல்லாமலேயே நடக்கும் இந்தக் குறைவைப் பார்த்து, வாயு ஓடிவிட்டது என்றோ விதியே தவறு என்றோ பிள்ளை முடிவுகட்டக்கூடும். உப்பாத கெட்டியான குளிர்பானப் பாட்டிலில் ஒரு கிராம் சோடாவை மட்டும் இட்டு இறுக மூடிச் செய்தால் எடை மாறாமல் நிற்கிறது. அளவைக் கூட்டினால் அழுத்தம் ஏறிவிடும் என்பதால் ஒரு கிராமோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பெட்டியோடு வரும் அட்டை விளையாட்டில் இரண்டு தட்டுகள்: நீலம் இயற்பியல் மாற்றத்துக்கு, சிவப்பு வேதியியல் மாற்றத்துக்கு. உப்பளத்தில் உப்பு விளைவது, இரும்பு துருப்பிடிப்பது, பால் தயிராவது, பனிக்கட்டி உருகுவது எல்லாம் தயங்காமல் தத்தமக்குரிய தட்டில் போய் உட்கார்கின்றன. ‘தோசை சுடுதல்’ என்ற அட்டைக்குச் சிவப்பு என்று விடை அச்சிட்டிருக்கிறார்கள். கல்லில் தண்ணீர் ஆவியாகும் சீறலை என்ன செய்வது? மூன்றாவதாக ‘இரண்டும் நடக்கிறது’ என்று ஒரு தட்டு இருந்தால் போதும், சிக்கல் தீர்ந்தது. நாங்கள் ஒரு எவர்சில்வர் தட்டைச் சேர்த்துக்கொண்டோம். அதற்குப் பிறகுதான் விளையாட்டில் சண்டையும் சுவையும் வந்தன.

பாதுகாப்பு ஏற்பாடுகள் நடுத்தரம். பாதுகாப்புக் கண்ணாடியின் பட்டை பெரியவர்கள் தலைக்கு அளவெடுத்தது. பிள்ளைக்கு முடிச்சுப் போட்டு இறுக்கவேண்டியிருந்தது. மக்னீசியம் எரியும் வெண்ணொளியை நேராகப் பார்க்கக் கூடாது என்ற எச்சரிக்கை பெரிய எழுத்தில் இருக்கிறது, நன்று. மயில்துத்தம் விழுங்கினால் நஞ்சு என்பதும், அதைச் சமையல் பாத்திரத்தில் கையாளக் கூடாது என்பதும், மீன்தொட்டி இருக்கும் வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதும் எங்குமே சொல்லப்படவில்லை. சுட்ட சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அந்தப் பொட்டலத்தில் ‘கவனம்’ என்ற ஒற்றைச் சொல் போதாது.

பெரியவர் ஒருவர் கூட உட்கார முடிந்த வீட்டுக்குத் தயங்காமல் வாங்கலாம். பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்று எண்ணுபவர்கள் வாங்க வேண்டாம். பொருள்கள் தீர்ந்ததும் நிறுவனம் விற்கும் மறுநிரப்புப் பொட்டலங்களுக்கு எழுதிப்போட வேண்டியதில்லை, அவற்றின் விலை அநியாயம். மயில்துத்தமும் கந்தகமும் கற்பூரமும் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். பயிரின் பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவை தயாரிக்க உழவர்கள் வாங்குவதால் மயில்துத்தம் உரக்கடையிலும் இருக்கும். மக்னீசியம் நாடாவுக்கு மட்டும் பள்ளி ஆய்வகப் பொருள் விற்கும் கடையைத் தேடிப் போக வேண்டும்.